பூச்சில்லாத பளபளப்பு

"மங்கலா இருக்கிறதுதான் இப்ப அழகு தங்கச்சி, ஹோட்டல்காரங்ககூட அப்படித்தான்—"

"ஹோட்டல்காரன் கதைய விடுங்க அக்கா. அது அவர் கடைசியா ஊத்தின மேசை. குனிஞ்சு பாத்தா—"

"கை வலிக்குது எனக்கு, ஒரு மாசமா—"

"குனிஞ்சு பாத்தா முகம் தெரியணும். உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க. பாணந்துறையில ஒருத்தன் இருக்கானாம். மேல ஒரு பூச்சு ஊத்தினா மறுநாளே கண்ணாடி மாதிரி ஆயிடுமாம். தேய்க்கவே வேண்டாமாம்."

சித்ராணி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, ஐயா. அவள் என் தம்பி பந்துலவின் பெண்சாதி. அவன் செத்து மூன்றாம் மாதம் கொடுக்கும் தானத்துக்கு வரும் பிக்குகளுக்கான உணவை அந்த மேசையில்தான் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பூச்சுக்காரனைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் நான் கடைசிவரை மறுத்திருப்பேன். நாம் இங்கே உட்கார்ந்திருக்கவும் மாட்டோம்.

மொரட்டுவையில் எங்கள் பட்டறையில் முப்பத்தொரு வருஷமாக மெருகு வேலை என்னுடையது. இரண்டு பலாப் பலகைகளுக்கு நடுவே நீலப் பிசினை ஆறு மாதிரி ஊற்றுவான் தம்பி. அது கல்லாக இறுகியபின் அச்சிலிருந்து எடுக்கும்போது புரை விழுந்த கண்போல இருக்கும். நானூறாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, தண்ணீர் விட்டுவிட்டு, மூவாயிரம்வரை ஏற வேண்டும். ஒரு நம்பரைத் தாண்டிக் குதித்தால் பழைய கீறல் பளபளப்புக்கு அடியில் தங்கிவிடும். குதித்தவள் இல்லை நான்.

பந்துல அதைத்தான் வேண்டாம் என்றான்.

"மாசக் கடைசியோட வீட்டுல இருந்து டிவி பாரு அக்கா. இனி மேல்பூச்சு ஊத்திடலாம். உன் கை எருமை நாக்கு மாதிரி ஆயிடுச்சு."

"ஊத்தின பளபளப்பு வேற, தேய்ச்ச பளபளப்பு வேறடா."

"வாங்குறவனுக்கு என்ன தெரியும்? அவன் அதுல சோறு திங்கப் போறான்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பிசின் தூசி பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்கும். அதனால்தான் எங்கள் பட்டறையில் எப்போதும் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. தேய்ப்பு மெஷின் வாங்கிய பெட்டியிலேயே இருந்தது.

அன்று மத்தியானம் நீலத்தை ஊற்றி முடித்துவிட்டு, சோற்றுப் பார்சலோடு பின்னறைக்குப் போனான். இன்ஹேலரை அச்சின் விளிம்பில் வைத்திருந்தான். விழுந்துவிடும்போல இருந்தது. விழுந்தது. கொஞ்ச நேரம் மிதந்தது. குச்சியால் அழுத்திப் பிடித்தேன். குமிழிகள் அடங்கியதும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதுவும் நீலம், பிசினும் நீலம்.

பிறகு அச்சின் மேல் பாலித்தீன் விரிப்பைப் போட்டு, நான்கு பக்கமும் டேப் ஒட்டினேன். ஈரப் பிசினில் தூசி விழுந்தால் வேலை கெட்டுவிடும். மழைச் சாரல் அடித்ததால் வாசல் கதவைச் சாத்தினேன். முகமூடி போட்டுக்கொண்டேன். மெஷினை எடுத்து, ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய பிசின் பலகையைத் தண்ணீரில்லாமல் தேய்க்க ஆரம்பித்தேன். பின்னறையிலிருந்து வெளியே வர பட்டறையைத் தவிர வேறு வழியில்லை.

சாதம் ஒட்டிய கையோடு வந்தான்.

"அக்கா... நிறுத்து. தண்ணி எங்க? என்ன செய்றே?"

"தண்ணி வரல இன்னிக்கு. இதோ முடிஞ்சுடும்."

"பம்ப்... என் பம்ப் எங்க?"

"சட்டைப் பையில பாரு."

"இல்ல..."

"அப்ப டிராயர்ல இருக்கும்."

மூன்று டிராயரையும் இழுத்துப் பார்த்தான். மேலே இருந்ததை இரண்டு தடவை. நடுவில் ஒருமுறை அந்த மேசையில்தான் கையூன்றி நின்றான், பாலித்தீன்மேல். விரிப்பு கிழிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மெஷினை நிறுத்தியபோது அவன் தரையில் இருந்தான். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டது நான்தான். ஆஸ்பத்திரியில் இழுப்பு என்றே எழுதினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பூச்சுக்காரன் பேச்சு வந்த மறுநாளே மேசையை நானே எடுத்துக்கொண்டேன். பதினெட்டு நாள் வேலை. ஆயிரத்து ஐந்நூறுவரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாயிரத்தில் துடைத்துப் பார்த்தபோது நீலத்துக்குள் ஒரு விளிம்பு தெரிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முதலில் தேய்த்து முடித்த பாதி அதற்குள் மூவாயிரம் ஏறி ஜொலித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியை மங்கலாக விட்டால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? இந்தச் சுமனலதாவுக்குக் கை போய்விட்டது என்பார்கள். கடைசியில் வெள்ளை மெருகுப் பசையைத் துணியில் தொட்டு இரண்டு நாள் சுழற்றினேன்.

சித்ராணி முகம் பார்க்கக் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள், போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

இன்ஹேலரை மூழ்கடித்தது நான். தூசி கிளப்பியது நான். இல்லாத இடத்தில் தேடச் சொன்னதும் நான். மூன்றையும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நீங்களும் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தீர்கள். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அவன் பெயரைக்கூட எழுத்தெழுத்தாகப் படித்தீர்கள், அத்தனை ஆழத்தில்.

"சொல்லுங்க ஐயா, பூச்சு ஊத்தினா இப்படி வருமா?"