தாடைக்கு வைத்த காவல்

வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு புருசனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவருக்கு ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது.

"ஏட்டி, கட்டியைச் சுத்தி ரத்தத்துல உள்ள காவக்கார அணுக்கள் கூடி நிக்குதுன்னு டாக்டரே சொன்னாரு. அது பாத்துக்கிடும். ஆபரேசன் வேண்டாம், வீட்டுக்குப் போவோம்."

"நின்னு என்ன செய்யுதுன்னும் சொன்னாருல்ல? கட்டி வளருததுக்குப் புதுசா ரத்தக்குழாய் இழுத்து விடுதாம். நம்ம மாந்தோப்புக்குக் காவல் வச்ச உங்க தம்பி, நம்ம கிணத்துலருந்து அவர் வயலுக்குக் குழாய் பதிச்ச மாதிரி."

"அதுக்காவ அவனை வெளிய தள்ள முடியுமா? கூடப் பொறந்தவன்."

"தள்ளலை. அதான் இன்னைக்குத் தோப்பே அவர் கையில இருக்கு. தாடையாவது உங்ககிட்ட இருக்கட்டும். ஆஸ்பத்திரி வந்துட்டு, எறங்குங்க."

அவர் துண்டால் தாடையை மூடிக்கொண்டு அந்த அம்மாளுக்குப் பின்னால் இறங்கினார்.