முன்சக்கரத்துக்கு ஒரு டயர்

புது டயர் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் தரையில் படுகிற பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். வெட்டுகள் ஆழமாக இருக்கின்றனவா என்று விரலை விட்டுப் பார்ப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் டயரின் உயிர் பக்கவாட்டில் இருக்கிறது. அதை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி மடக்கி, வெயிலில் காட்டிப் பார்க்க வேண்டும். தலைமுடி கனத்தில் கோடுகள் தெரிந்தால், உள்ளே இருக்கிற துணி இழை செத்துவிட்டது என்று பொருள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பதினோரு வருடமாக டயர்க் கடை வைத்திருக்கிறேன். வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒருவனுக்கு மட்டும் சொல்லவில்லை.

என் பெயர் தங்கமுத்து. மாஜிஸ்திரேட் ஐயா, அவசரப்படாமல் சொல்லச் சொன்னீர்கள். உங்கள் குமாஸ்தா எழுதும் வேகத்துக்கே சொல்கிறேன்.

அந்த ஒருவன் ராசப்பன். மோகனூர்ப் பக்கம் காவிரிப் பாசனத்தில் வாழையும் கரும்பும் விளைவிக்கிற குடும்பம். நாமக்கல்லில் நாங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். எனக்கு எஞ்சின் பைத்தியம்; அவனிடம் எஞ்சின் வாங்க வசதி இருந்தது. அப்படித்தான் சிநேகமானோம். பந்தயத்துக்கென்றே செய்த சீமை மோட்டார் சைக்கிள் ஒன்றை அவன் சென்னையிலிருந்து வரவழைத்தபோது, சூரமங்கலம் ஸ்டேஷனில் மரப்பெட்டியை உடைத்து இறக்கியவன் நான். கிளட்சைப் பிடிக்கவும் விடவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

முப்பத்தேழாம் வருடம் தை மாதத்தில், சேலத்து மோட்டார்ப் பிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு பந்தயம் வைத்தார்கள். ராசப்பன் பெயர் கொடுத்திருந்தான். முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"டேய், எனக்கு அந்த வேகத்துல கை நடுங்குதுடா. தோல் தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கிட்டா உன்னை யாருக்கு அடையாளம் தெரியப்போகுது? நீ ஓட்டிப்போடு."

நான் சம்மதித்தேன். இதைத் தயவுசெய்து தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. ஓட்டக் கிடைத்ததே போதும் என்று இருந்தேன். முதலாவதாக வந்தேன். கூடாரத்துக்குப் பின்னால் போய்த் தொப்பியைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். அவன் அதை மாட்டிக்கொண்டு போய் வெள்ளிக் கோப்பையை வாங்கினான். நானும் கூட்டத்தில் நின்று கைதட்டினேன். அன்று எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் பிறகுதான் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. ராசப்பன் அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். முதலில் ஊர்க்காரர்களிடம், பிறகு மாமனார் வீட்டில், பிறகு என் கடையில், என் முன்னாலேயே. மூன்றாவது வளைவில் வண்டியை எப்படிச் சாய்த்தான், மண் எப்படி வழுக்கியது, அதற்கு என்ன செய்தான் என்றெல்லாம் சொல்வான். எல்லாம் நான் அவனுக்குச் சொன்னவை. ஆரம்பத்தில் சொல்லும்போது என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவான். நாளாக ஆக அந்தக் கண்சிமிட்டல் நின்றுபோயிற்று. அவன் பொய் சொல்லவில்லை, ஐயா. அவனே ஓட்டியதாக நம்பிவிட்டான். மனிதர்களுக்கு அப்படி ஆவதுண்டு என்று இப்போது எனக்குத் தெரியும்.

அந்த வருடம் கார்த்திகையில் ஒருநாள் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். வளைவில் பிரேக்கைத் தொடலாமா கூடாதா என்று பேச்சு வந்தது. நான் ஏதோ சொன்னேன். ராசப்பன் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினான்.

"உனக்கு அதெல்லாம் தெரியாதுடா தங்கமுத்து. ஒருக்கா ஓட்டிப் பாத்தவனுக்குத்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் போகும்போது, "வர்ற தையிலயும் நானே ஓட்டறேன். நீ டயரை மட்டும் நல்லதாப் பாத்துப் போட்டுக் குடு" என்றான். 'தையில' அல்ல, 'தையிலயும்'; போன தையிலும் அவனே ஓட்டியதுபோல. அந்த ஒரு 'உம்' எனக்குள் ஒரு மாதம் கிடந்தது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நானும் இரண்டு வருடமாகத் தேடிப் பார்த்தேன். வேறு எதுவும் கிடைக்கவில்லை.

என்னிடம் முன்சக்கர டயர்கள் இரண்டு இருந்தன. ஒன்று அந்த வாரம் ரயிலில் வந்தது. இன்னொன்று நாலு வருடமாகத் தகரக் கூரைக்கடியில், ஜன்னல் வெயில் விழும் இடத்தில் கிடந்தது. அது விலை உயர்ந்த பந்தய டயர். தரையில் படும் பக்கம் ஒரு கீறல் இல்லாமல் அழகாக இருக்கும். பக்கவாட்டில்தான் கோடுகள். எறிந்துவிட வேண்டும் என்று நானே ஒதுக்கி வைத்தது அது. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பழந்துணியால் தேய்த்தேன். இரண்டு தரம் தேய்த்ததும் கோடுகள் மறைந்துவிட்டன. ராசப்பன் வந்து பார்த்து, "மினுமினுங்குதுடா" என்று சந்தோஷப்பட்டான். மடக்கிப் பார்க்கவில்லை. நான் கொடுத்த பொருளை அவன் என்றைக்கும் சோதித்ததில்லை.

ஒத்திகையின்போது மண் பாதையில் எங்காவது டயர் கிழியும், விழுவான், முழங்கையில் சிராய்த்துக்கொள்வான், என்னை ஓட்டச் சொல்வான், இந்தத் தடவை தொப்பியைக் கழற்றாமலே கோப்பையை வாங்குவேன் என்று நினைத்தேன். அப்படித்தான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் காற்று அடித்தவனும் நான்தான். வழக்கமான அளவுக்கு மேலே பத்துத் தரம் பம்ப்பை அழுத்தினேன். செத்த இழையில் அவ்வளவு காற்று நின்றால், மெதுவாகப் போகும்போது ஒன்றும் ஆகாது. டயர் சூடேறிய பிறகு, நல்ல வேகத்தில்தான் வெடிக்கும். அதுவரை செய்த ஒன்பது வருடத் தொழில் எனக்கு இதைச் சொல்லித் தந்திருந்தது.

மார்கழி கடைசியில் ஒரு காலை நேரம் ராசப்பன் வண்டியை எடுக்க வந்தான். நாமக்கல் ரோட்டில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே ஊருக்குப் போவதாகத் திட்டம். கூட அவன் மனைவி சாரதாமணியும் வந்திருந்தாள். சேலத்தில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவள். மோகனூரில் அவளுடைய அம்மாவுக்குச் சுகமில்லை என்று தகவல் வந்திருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரமாகும் என்று அவனுடனேயே கிளம்பிவிட்டாள்.

அவள் என்னிடம் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, இதுல பின்னால உக்காந்து போறதுக்குப் பயமொண்ணும் இல்லீங்களே?"

பக்கத்தில் புது டயர் தாளில் சுற்றியபடி இருந்தது. மாற்றுவதற்கு அரை மணி நேரம் ஆகும். "இரு ராசப்பா, இதில் ஒரு சந்தேகம் இருக்கிறது" என்று சொன்னால் போதும். ஏன் முன்பே பார்க்கவில்லை என்று அவன் கேட்பான், பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அதைத்தான் நினைத்தேன்.

"ஒண்ணும் ஆகாதும்மா. கெட்டியாப் புடிச்சுக்கோங்க" என்றேன்.

"வாரேனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

புதுச்சத்திரம் தாண்டி டயர் வெடித்தது. சாரதாமணி புளியமரத்தில் மோதி அந்த இடத்திலேயே இறந்துபோனாள். ராசப்பன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தான். நான் போய்ப் பார்த்தேன். போலீஸார் அவனிடம் டயரைப் பற்றிக் கேட்டார்கள். அவனுக்குப் பேச்சு திணறித் திணறித்தான் வந்தது.

"டயர்ல தப்பிருக்காதுங்க. தங்கமுத்து பாத்துப் போட்டது. ரோட்டுல எதையோ போட்டு வெச்சிருக்கானுங்க."

அவன் சொன்ன கடைசி வார்த்தைகளில் அது ஒன்று. அதனால்தான் போலீஸார் ரோட்டில் எதையோ போட்டவனைத் தேடினார்கள். தேடியதும் மாதையன் கிடைத்தான்.

மாதையன் மாட்டுவண்டிக்காரன். புதுச்சத்திரத்துக்காரன். விபத்துக்கு ஒரு மாதம் முன்னால் ராசப்பனின் வண்டிச் சத்தத்துக்கு மிரண்டு, அவனுடைய மாடு ஒன்று பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. ராசப்பன் நிற்காமல் போய்விட்டான். மாதையன் நடுரோட்டில் நின்று, "இந்த வண்டி ஒருநாளைக்கு இதே ரோட்டுல கவுந்து போகும் பாரு" என்று கத்தியதைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். அவனுடைய வண்டிப் பெட்டியைச் சோதித்தபோது மாட்டு லாடத்துக்கு அடிக்கும் ஆணிகள் கிடைத்தன. அவை எந்த வண்டிக்காரனிடமும் இருக்கும்.

கிழிந்த டயரை என் அபிப்பிராயம் கேட்டு ஒரு காவலர் கடைக்குக் கொண்டுவந்தார். அதை வைத்துவிட்டு, எதிர்க் கடைக்குக் காபி குடிக்கப் போனார். அவர் திரும்புவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பஞ்சரான டயரிலிருந்து பிடுங்கிப் போட்ட லாட ஆணி ஒன்று என்னிடமும் இருந்தது. அதை டயரில், கிழிசல் தொடங்கும் இடத்தில் குத்தி இறக்கினேன். அவர் வந்ததும், "இதோ பாருங்கள்" என்று காட்டினேன். அவருக்கு என்மேல் மரியாதை கூடிற்று.

கோர்ட்டிலும் நான்தான் சாட்சி சொன்னேன். வேண்டுமென்றே போட்ட ஆணியா என்று வக்கீல் கேட்டார். "வண்டியிலிருந்து தவறிச் சிந்தியும் இருக்கலாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையால் மாதையனுக்குப் பெரிய தண்டனை இல்லாமல் ஒன்றரை வருடத்தோடு போயிற்று. அன்று வீட்டுக்குப் போகும்போது, ஒரு ஏழைக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். உண்மையாகவே நினைத்தேன்.

மாதையன் விடுதலையான வாரமே மனைவி காளியாத்தாளோடு என் கடைக்கு வந்தான். அவன் உள்ளே இருந்த நாளில் மிச்சமிருந்த மாடும் வண்டியும் கைவிட்டுப் போயிருந்தன. அவள் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். கைகள் முழுவதும் வெட்டுக்காயம். இரண்டு பேரும் என் காலில் விழுந்தார்கள்.

"நீங்க ரெண்டு வார்த்தை நல்லதாச் சொன்னதாலதானுங்க சாமி இவரு உசுரோட ஊடு வந்து சேந்தாரு" என்றாள் காளியாத்தாள்.

என் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கே அவனைக் கடையில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் பம்ப்பைத் தொடுவான். அந்தக் கும்பிடுக்குப் பயந்து நான் கடைக்குப் பின்வழியாக வர ஆரம்பித்தேன். அவன் அங்கேயும் வந்து கும்பிட்டான்.

அவனுக்குக் கை நன்றாக ஓடியது. நாலு மாதத்தில் பஞ்சர் ஒட்டுவது, டயர் மாற்றுவது எல்லாம் பழகிவிட்டான். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு லாரி டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று கேட்டான்.

"ஏனுங்க சாமி, ஆணி குத்துனா காத்து மெதுவாத்தானுங்களே எறங்குது. இத்தனை பாத்துட்டேன், ஒண்ணுகூடப் பக்கவாட்டுல கிழியலீங்களே. அந்த வண்டி டயரு மட்டும் எப்படிங்க அப்படிக் கிழிஞ்சுது?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தேகம் இல்லை. தொழில் கற்றுக்கொள்கிறவன் கேட்பதுபோலத்தான் கேட்டான். தன்னை ஒன்றரை வருடம் உள்ளே வைத்த ஆணியைப் பற்றி, என்னிடமே, பாடம் கேட்டான்.

"வேகத்துல போனா அப்படித்தான் ஆகும்" என்றேன்.

"அப்படீங்களா" என்று தலையாட்டிவிட்டு, மறுபடி தண்ணீரைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "லாரிங்களும் நெம்ப வேகமாத்தானுங்களே போகுது" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டான்.

மறுநாளே கோயம்புத்தூரில் மில்லில் இருக்கிற எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கடிதம் எழுதினேன். நல்ல மனிதன், விசுவாசமானவன், ஒரு வேலை கொடுத்து அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். ஒரு வாரத்தில் சரி என்று பதில் வந்தது. மாதையனிடம் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. காளியாத்தாளைக் கேட்டுவிட்டு வந்து சொல்வதாகப் போனான். நேற்றுக் காலை வந்தான்.

"உங்களை உட்டுப்போட்டு எங்கயும் வரமாட்டேன்னுட்டாளுங்க சாமி. எங்களுக்கு நீங்க இருக்கறப்போ மில்லு எதுக்குங்க? நான் இங்கயே இருந்து தொழிலை முழுசாக் கத்துக்கறேனுங்க."

முழுசாக என்றான். பக்கவாட்டை மடக்கிப் பார்ப்பதும் அதில் சேர்ந்ததுதான். இன்று காலை கடையைத் திறக்காமல் இங்கே வந்தேன்.

ஐயா, குமாஸ்தா எழுதியதைப் படித்துக் காட்டினார். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. ராசப்பனையும் சாரதாமணியையும் கொன்றவன் நான். நிரபராதியைச் சிறைக்கு அனுப்பியவன் நான். எழுதிய எதையும் மறுக்கவில்லை. கையெழுத்தும் போடுகிறேன். முதல் வரியில் மட்டும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். 'மனசாட்சி உறுத்தியதால், தானாக முன்வந்து' என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். மாதையன் கோயம்புத்தூருக்குப் போயிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன்.