முன்னால் ஓட்டியவன்

கடலோரச் சாலையில் சைக்கிள் ஓட்டுவதில் ஒரே தொல்லை காற்றுதான், சார். மற்றபடி உடம்புக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது. முழங்கால் வலி என்று எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு சைக்கிளும் வாங்கிவிடுங்கள் என்று சொல்லுவேன். முதலாளிக்கு அது பிடிக்காது. முழங்கால் சரியாகிவிட்டால் தைலத்தை யார் வாங்குவது என்பார்.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் என் சிநேகிதன் பாறையில் விழுந்து செத்துப்போனதைப் பற்றிப் பேசத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லையென்றால் முறையாகச் சொல்கிறேன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்ட் வாரம் தவறாமல் மக்கர் பண்ணும். அவன் வந்து சரிபார்த்துவிட்டு, கையெல்லாம் கிரீஸாக எங்கள் கடைப் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பான். அப்படித்தான் பழக்கம். நல்ல உயரம். லிஃப்டுக்குள் நிமிர்ந்து நின்றால் மேல்விளக்கில் தலை இடிக்கும். நான் அவன் தோளுக்கு வருவேன், அதுவும் நல்ல செருப்புப் போட்டிருந்தால். அவனைச் சைக்கிளில் ஏற்றிவிட்டதே நான்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவரும் விடியும்போது கிளம்பிக் கடலோரமாகவே போவோம், வெயில் தாழ உள்பக்கச் சாலை வழியாகத் திரும்புவோம். வருஷக்கணக்கில் இது நடந்தது.

இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக ஓட்டும்போது முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறான். பின்னால் ஒட்டி வருகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆனால் அவனுக்குச் சாலை தெரியாது. முன்சக்கரத்துக்கும் முன்னவன் முதுகுக்கும் அப்பால் அவனுக்கு உலகமே கிடையாது. அதனால் முன்னால் போகிறவன்தான் அவனுக்குக் கண். குழி வந்தால் கையைக் கீழே காட்ட வேண்டும். மணல் கிடந்தால் உள்ளங்கையை விரித்து ஆட்ட வேண்டும். குறுகலான திருப்பத்தில் எதிரே ஏதாவது வந்தால் "வண்டி" என்று ஒரு குரல். பின்னால் வருகிறவன் அந்தக் கணமே இடது ஓரத்துக்கு ஒதுங்கிவிட வேண்டும். தலையைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டு ஒதுங்குவதற்குள் வண்டி மேலே வந்துவிடும். இதையெல்லாம் அவனுக்குப் பழக்கியவன் நான். நல்ல மாணவன், ஒருநாள் தவறியதில்லை.

மற்றவர்கள் மாறி மாறி முன்னால் போவார்கள். எங்களுக்குள் அந்த வழக்கம் இல்லை. ஆரம்பத்தில் ஒருதரம் கேட்டான்.

"நான் கொஞ்ச நேரம் முன்னால போகட்டுமாடா?"

"உனக்கு எதுக்குடா அந்தக் கஷ்டம்? பேசாம வா."

அவன் சிரித்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டான். அதன் பிறகு கேட்கவே இல்லை. கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை இருக்கிறது. அந்த அம்மா எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள்: "இது என்ன கூத்துப்பா, தீப்பெட்டிக்குப் பின்னாடி பீரோ ஒளிஞ்சு வருது!" நானும் சிரிப்பேன். வேடிக்கைப் பேச்சை நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவன் கூடத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பிரேக் கட்டையை மாற்றிக்கொண்டிருந்தான். இவ்வளவு சீக்கிரம் தேய்ந்துவிட்டதா, என்னுடையது அப்படியே இருக்கிறதே என்றேன். அவன் என்னவோ முனகினான். கை கழுவ உள்ளே போனதும் தங்கச்சி டீயை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. உங்க பின்னாடியே வரணும்னா அவரு பிரேக்கப் பிடிச்சுக்கிட்டேதான் வரணுமாம். இல்லன்னா உங்களத் தாண்டிப் போயிருவாராம். தாண்டினா அவன் மனசு கஷ்டப்படும்னு சொல்லுவாரு. அவ்வளவு பிரியம் உங்க மேல."

டீயைக் குடித்தேன். நன்றாக இருந்தது. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

அந்தப் பெண் மேல் தப்பில்லை. அவன் மேலும் எனக்குக் கோபம் இல்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். கோபம் வந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். எனக்கு ஒன்றுமே வரவில்லை. கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, உதடு நம்முடையது மாதிரியே இருக்காதே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு காய்ச்சல் என்று அவனிடம் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். தனியாக ஓட்டினால் எவ்வளவு வேகம் வருகிறது என்று பார்ப்பதற்குத்தான் போனேன். கலங்கரை விளக்கத்தைத் தாண்டி இறக்கம். வலது பக்கம் செங்குத்தான மேடு, இடது பக்கம் கடல். அந்தத் திருப்பத்தில் கடல் அரித்துச் சாலையின் இடது ஓரம் கைப்பிடிச் சுவரோடு சரிந்து கிடந்தது. கீழே பாறை. யாரோ ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டி நட்டுவைத்திருந்தார்கள். வலது பக்கமாக ஒட்டிப் போனால் சைக்கிள் தாராளமாகப் போகும். வெகுநேரம் அங்கே நின்றேன். அப்புறம் கம்பைப் பிடுங்கிப் புதருக்குள் போட்டேன். அந்தக் காற்றுக்கு அது எப்படியும் விழுந்திருக்கும்.

கடைசி ஞாயிறு நல்ல நாள். வெயில் உறைக்கவில்லை. மீன்பிடிப் படகுகள் ஒதுங்கியிருக்கும் துறை, பூட்டிக் கிடக்கும் ஐஸ் தொழிற்சாலை என்று வழக்கமான வழி. அவன் முட்டை அவித்துக் கொண்டுவந்திருந்தான். எனக்கு மஞ்சள் கரு ஆகாது என்பதால் என் பங்கில் அதை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் ஒரு டப்பாவில் தனியாக வைத்திருந்தான். கடலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"எனக்கு இந்த ஒருநாள் போதும்டா," என்றான். "மத்த நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள்ள நின்னு மேல பாத்துக்கிட்டே இருக்கேன். எப்பக் கயிறு அறும்னு தெரியாது. இங்க வந்தாத்தான் பயமில்லாம இருக்கு."

நான் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"பின்னாலயே வர்றது உனக்கு சலிப்பா இல்லையா?"

"சலிப்பா? நீ இல்லன்னா இந்தக் காத்துல நான் எங்கடா ஓட்டுறது? நாக்குத் தள்ளிரும்."

வாய் கூசாமல் சொன்னான். முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று தோன்றவில்லை.

டீக்கடையில் டீ குடித்தோம். அந்த அம்மா பீரோவுக்கு ஒரு பிஸ்கட் கூடுதலாகக் கொடுத்தாள். கலங்கரை விளக்கத்தைத் தாண்டினோம். இறக்கத்தில் நான் வலது பக்கமாகவே போனேன். பின்னால் அவன் பிரேக் பிடிக்கும் சத்தம் லேசாகக் கேட்டது. புதுக் கட்டை என்பதால் ஒரு கீச்சொலி இருந்தது. இத்தனை வருஷம் அந்தச் சத்தம் என் காதில் விழாமல் எப்படிப் போனதோ.

திருப்பம் வந்தது. "வண்டி" என்றேன்.

வண்டி எதுவும் வரவில்லை, சார். சாலை காலியாக இருந்தது.

அவன் உடனே இடது பக்கம் ஒதுங்கினான். நான் ஒதுங்கவில்லை என்பதைக் கடைசியில் பார்த்திருப்பான், ஆனால் அதற்குள் அவன் சக்கரத்துக்கு அடியில் சாலை இல்லை. நான் சைக்கிளை மேட்டில் சாய்த்து நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தேன். பாறைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். கால் இரண்டும் தப்பான பக்கம் மடங்கியிருந்தன. அலை அவன் இடுப்புவரை வந்து போனது. கண்ணில் ரத்தம் வழிந்ததால் மேலே நிற்கும் என்னை அவனுக்குத் தெரியவில்லை.

"டேய், உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கத்தினான். "ஏண்டா ஒதுங்கல? வண்டி இடிச்சிருச்சா?"

நான் ஓரத்திலிருந்து ஓரடி பின்வாங்கினேன்.

போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில். டீக்கடை கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் சைக்கிளில் போனால் ஒன்றும் பெரிய தூரமில்லை. நான் உடைந்த ஓரத்துக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, "யாராவது வாங்களேன், மேல ரோட்ல என் ஃப்ரெண்ட வண்டி இடிச்சிருச்சு, யாராவது பாருங்களேன்," என்று கத்த ஆரம்பித்தான். நல்ல குரல் அவனுக்கு. லிஃப்ட் குழிக்குள் நின்று மேல்மாடி ஆட்களோடு பேசிப் பேசி வந்த குரல். அதில் தண்ணீர் கலந்தது. பிறகு அலையின் சத்தம் மட்டும் இருந்தது.

அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பசித்த மாதிரி இருந்தது, ஆனால் அது பசி இல்லை.

புதரில் கிடந்த கம்பை எடுத்து, துணியை உதறி, பழைய குழியிலேயே நட்டேன். அதற்கப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்தேன். பின்னால் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம் என்று சொன்னேன். நீங்கள் என் தோளைத் தட்டித் தண்ணீர் கொடுத்தீர்கள். நான் அழுதேன். கண்ணீர் நிஜமாகவே வந்தது, எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

அடக்கத்துக்கு ஆக வேண்டியதையெல்லாம் நான்தான் முன்னால் நின்று பார்த்தேன். தூக்கும்போதும் முன்பக்கம் நான்தான். உயரம் ஒத்துவராமல் கொஞ்சம் சரிந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கச்சிக்குத் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். அவள் கேட்டாள், கடைசியாக ஏதாவது சொன்னாரா அண்ணா என்று. ஒன்றும் சொல்லவில்லை அம்மா, வலியே தெரிந்திருக்காது என்றேன். இப்படியே போயிருக்கும். யாருக்கும் என் மேல் சந்தேகமில்லை, எனக்கும் தூக்கம் கெடவில்லை.

நேற்று நீங்கள் அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள் இல்லையா. சாயங்காலம் நான் போனபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சிவப்புத் துணி கட்டியிருந்தும் அந்தப் பக்கம் போயிருக்காருன்னா, அவரு உங்கள முந்தப் போயித்தான் விழுந்திருக்கணும்னு சொல்றாங்கண்ணா. ஏண்ணா இத்தனை நாள் இல்லாம அன்னிக்கு மட்டும் முந்தினாரு? அவரால உங்களுக்கும் ஆபத்து வந்திருக்கும்ல. மன்னிச்சிருங்கண்ணா."

இன்று காலை கடையிலும் அதே பேச்சு. முதலாளி சொல்கிறார், நெட்டைக்கு ஒரு மிதி போதும், உன்னைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று. டீக்கடை அம்மாவும் வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். நான் பாதியில் கடையை விட்டு நேரே இங்கே வந்தேன். தூக்கில் போடுவீர்களோ ஆயுளுக்கும் உள்ளே வைப்பீர்களோ, அது உங்கள் பாடு, அதில் நான் தலையிட மாட்டேன். நடந்தது நடந்தபடி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு. கம்பைப் பிடுங்கியவன் நான். வராத வண்டியை வருகிறது என்று சொன்னவன் நான். தண்ணீர் ஏறும்வரை மேலே உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் அவன் முந்தினான் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது, சார். அவன் என் பின்னால்தான் வந்தான். என்னை முந்த அவனால் ஒருநாளும் முடிந்ததில்லை.