நின்று பூத் தூவாத வண்டி

– இப்ப உள்ள சனத்துக்குச் சாமியே வேணாம் பாண்டிராஜு மாப்ள, செல்போன் போதும். கும்பாபிஷேகத்துல ஒருத்தனாச்சும் கலசத்தப் பாத்தானா? அம்புட்டுப் பேரும் ஹெலிகாப்டரப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறான்.

– அதக் கூப்புட்டதே நீங்கதான மாமா. கோயில் கமிட்டில ஓட்டு நாலுக்கு நாலு. சங்கிலி மாமா, ஒங்க கை ஒண்ணுதான் பாக்கி. எனக்குத் தூக்கியிருந்தா, நான் செஞ்ச பறக்குற வண்டி, அந்த ஆட்டோஜைரோல நானே பூத் தூவியிருப்பேன்.

– ஒன் வண்டி கோபுரத்துக்கு மேல நிக்குமா?

– நிக்காது. சுத்திச் சுத்தி வரும்.

– பெறகென்ன? சாமி தலையில பூப் போடுறவன் நின்னு போட வேணாமா?

– நின்னு போட்ட லட்சணத்தத்தான் பாத்தமே! அது அடிச்ச காத்துல பந்தல் தகரம் பிச்சுக்கிட்டுப் போச்சு. பூவெல்லாம் கண்மாயில கெடக்கு.

– ஆனா நின்னுச்சுல்ல?

– ஒலகமே இதத்தான் மாமா சொல்லுச்சு. என்னுது மாதிரி வண்டி ஹெலிகாப்டருக்கு முன்னாடியே ஊரு ஊராப் பறந்துச்சு. நூறு வருசமாச்சு. பின்னாடி வந்தது நின்ன எடத்துலருந்து எந்திரிக்குது, அந்தரத்துல நிக்குதுன்னதும் பட்டாளத்துக்காரன் அந்தப் பக்கம் சாஞ்சுட்டான். காசும் அங்கயே போச்சு. இதுக்கு ஓடி எந்திரிக்கக் கொஞ்சம் தரை வேணும். அந்தக் கொறைக்கே ஓரங்கட்டிட்டாங்க.

– மேல சுத்துற றெக்கைக்கு இஞ்சினே கெடையாதுன்னான் ஒன் கூட்டாளி பேயாண்டி. அத எவன் நம்புவான்?

– காத்துலயே சுத்தும் மாமா. இஞ்சின் பின்னாலருந்து தள்ளுறதோட சரி. நடுவானத்துல அது நின்னாலும் றெக்கை நிக்காது. பைய எறங்கிரலாம்.

– நீ சொல்லுற.

– ஒரு சுத்து ஏறிப் பாருங்கன்னு எத்தன தடவ கூப்புட்டேன்! இனிக் கூப்புட மாட்டேன். காலையில கோயம்புத்தூர்க்காரரு லாரில ஏத்திட்டுப் போயிட்டாரு.

– வித்துட்டியா?

– நாலு வருசம் ராவு பகலாச் செஞ்சது. லாரி தெரு முக்குல திரும்புற வரைக்கும் ஒங்க மக வாசல்ல நின்னு அழுதா. ஊரு பாக்க ஒரே ஒரு தடவ பறந்திருந்தா எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுன்னு நாலு பேரு தேடி வந்திருப்பாக. நிக்காதுங்கிற ஒண்ணுக்காகவா மாமா கையத் தூக்கல?

– எம் மக தமிழ்வாணிக்கு ஏழு மாசம். புள்ளத்தாச்சி புருசன் மலையே ஏறக் கூடாது. நீ கீழக்குயில்குடி மலைக்கும் மேல போறேங்கிற. அதக் கமிட்டில சொன்னா சிரிப்பானுக. அதான் நிக்காதுன்னேன். விழுகாதுன்னு இன்னொருக்காச் சொல்லாத மாப்ள, நான் நம்ப மாட்டேன். தள்ளு, போறேன்.