கோட்டைத் தாண்டிய சிவப்பு

"ஹலோ, அண்ணி... ம், சொல்லுங்க... தாண்டிருச்சா? நான் பேனாவுல போடச் சொன்ன கோட்டையா?... எவ்ளோ?... ரெண்டு விரலா!"

தம்போய் நகரத்துக் கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் மலர், மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாஆ என்ற ஊரில் இருக்கும் அண்ணன் ஹேமநாதனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். காயத்தைச் சுற்றிச் சிவந்திருப்பதாக அண்ணி வாசுகி சொல்லி, சிவப்பின் ஓரத்தில் இவள் கோடு போடச் சொல்லி, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"நடுவுல என்ன கலரு?... ஊதாவா... கறுப்புமா?... சரி, சரி, அழாதீங்க. ஓரத்துல லேசா அமுக்கிப் பாருங்க... உள்ள நறநறங்குதா?... கறுத்த எடத்துல?... வலியே இல்லயா?"

மலருக்குப் புரிந்துவிட்டது. நேற்றுவரை துடித்த இடம் மரத்துப்போனால், அங்கே சதை செத்துவிட்டது என்று அர்த்தம். அண்ணனுக்கு இனிப்புநீர் என்னும் சர்க்கரை வியாதி வேறு.

"அண்ணி, பக்கத்து வீட்டு வேலுவ காடி எடுக்கச் சொல்லுங்க. செகாமட் பெரியாஸ்பத்திரி, நேரா எமர்ஜென்சி... போன அண்ணன்கிட்ட குடுங்க... அண்ணே! ... இல்லண்ணே, களிம்புல அடங்குறது இல்ல இது... ஆமா, அப்பாயின்மெண்ட் திங்கக்கிழமதான், தெரியும்லா... திங்கக்கிழம வரைக்கும் தாங்காதுண்ணே!"

கத்திவிட்டாள். பிறகு குரலைத் தணித்தாள்.

"கேளுங்க. ஊசி மட்டும் பத்தாது. தொறந்து, செத்த சதைய வெட்டி எடுப்பாங்க. கையெழுத்து கேட்டா ஒடனே போடுங்க... ஆமாண்ணே, எனக்கும் பயமாத்தான் இருக்கு... கார்ல ஏறிட்டீங்களா? போன வெக்காதீங்க. பேசிக்கிட்டே வாங்க... ம்... ம்... என்ன கேட்டீங்க?"

மலர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மாவா?... சாப்ட்டாங்கண்ணே. இப்பதான் சாப்ட்டாங்க."

அம்மா இறந்து நான்கு வருஷம் ஆகிறது.

"போன அண்ணிகிட்ட குடுங்கண்ணே... அண்ணி, அவரு பேச்சு கொளறுது. வேலுவ வேகமாப் போகச் சொல்லுங்க. எமர்ஜென்சியில நான் சொல்லி வெக்கிறேன். நீங்க எறங்கினதும், ஆபரேஷன் பண்ண எடம் கறுத்துருச்சு, புத்தி தடுமாறுதுன்னு மொதல்ல சொல்லுங்க... கேக்குதா?... அண்ணி?... ஹலோ? ஹலோ!"

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் கார் நுழைந்ததும் லைன் அறுந்துபோனது.

அன்று சாயங்காலம் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை வெட்டினார்கள். தொடைத்தோலை எடுத்து ஒட்டினார்கள். ஹேமநாதன் பிழைத்தார். ஆனால் அந்த நிமிடம் மலருக்கு அது தெரியாது. செகாமட் எமர்ஜென்சி நம்பரைத் தட்டினாள். இரண்டு முறை தப்பாகப் போனது.