நான்காம் பறப்பு

எனக்குத் தொலைக்காட்சி பார்க்கும் வழக்கமே இல்லை. தச்சுப் பட்டறையில் இருப்பவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஆனால் நேற்று அந்தப் படத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

விமானம் வந்த புதிதில் பறந்த ஒரு அண்ணன் தம்பியின் கதை அது. அண்ணன் செய்தான், தம்பி ஓட்டினான். நான்காம் முறை இடது இறக்கை மடிந்து தம்பி செத்தான். படத்துக்காக அந்த விமானத்தை மரமும் துணியும் கம்பியுமாக மறுபடி செய்தவன் நான். நடிகருக்குப் பதிலாக அதில் பறந்தவன் என் சொந்தத் தம்பி.

குடும்பத்தோடு பார்க்கிற படம் என்று சொல்லி, விழுகிற காட்சியைக் கதையிலிருந்தே டைரக்டர் வெட்டிவிட்டார். அண்ணனை, மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற கோமாளியாக்கினார். நடந்ததை நடந்தபடி எடுங்கள் என்று நான் நாயாய் அலைந்தேன். தம்பி என் தோளில் தட்டினான்.

"விடுண்ணா. யாரு செஞ்சாங்கன்னு எவன் கேக்கப்போறான்? பறக்குறவனைத்தான் பாப்பாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

எங்களுக்குள் ஒரு பழக்கம். அவன் பறக்கும் முன் ஒவ்வொரு கம்பியையும் நான் விரலால் சுண்டி ஓசை கேட்பேன். நான் சொன்னால்தான் ஏறுவான். தானாக ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. அண்ணனைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடுமாம். அன்று எங்களுக்கும் நான்காம் பறப்பு. இடது இறக்கைக் கம்பியைக் காலையிலேயே அரத்தால் முக்கால்வாசி ராவி வைத்திருந்தேன். சுண்டினேன். ஓசை மந்தமாக வந்தது.

"சரியா இருக்காண்ணா?"

"ஏறுடா."

அந்தக் காலத்து விபத்தின் பழைய புகைப்படத்தில் இருப்பது போலவே இறக்கை மடிந்தது. ஒரு விரற்கடை பிசகவில்லை. விபத்து என்று நீங்களே எழுதி மூடிவிட்டீர்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது எனக்கு இருக்கியே" என்று அழுகிறாள்.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். நடந்த உண்மையை யாராவது ஒருத்தன் காட்டித்தான் ஆகவேண்டும். நான் காட்டினேன். இன்னொரு முறை வாய்த்தாலும் அதையே செய்வேன்.

குடும்பப் படம் என்ற அதே டைரக்டர், என் தம்பி நிஜமாக விழுந்த காட்சியைத்தான் முடிவில் வைத்திருக்கிறார். அதன்மேல் திரை முழுக்கத் தம்பியின் பெயர், தனியாக. கடைசி எழுத்து ஓடி முடியும்வரை நான் கண்ணிமைக்காமல் இருந்தேன். என் பெயர் எங்கேயும் வரவில்லை.

அவனைக் கொன்றது நான். முதலில் என் பெயரை எழுதுங்கள். அவன் பெயர் அடுத்த வரியில் வரட்டும்.