சேனாதிபதியிடம் கொடுத்த சேவல்

பள்ளங்கி கீழத்தெருவில் குடியிருக்கும், காலஞ்சென்ற அழகுமலை மனைவி கந்தம்மாள், வயது சுமார் நாற்பத்தைந்து, தொழில் பூண்டு வெள்ளாமை, 1959-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி நிலையத்தில் ஆஜராகி, ஏட்டு சுவாமிநாதன் விசாரிக்கச் சொல்லியது:

என் வீட்டுக்காரர் சென்ற மாசி மாதம் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அதற்கு முன் தை மாதத்தில் உறைபனி விழுந்து பக்கத்துப் பூண்டெல்லாம் கருகியபோது, எங்கள் பூண்டு தப்பினால் வைகாசி விசாகத்துக்குப் பழனியாண்டவருக்குச் சேவல் விடுவதாக அவர் வேண்டிக்கொண்டார். பூண்டு தப்பியது. துக்கம் விழுந்த வீட்டாரும் பங்காளிகளும் ஒரு வருஷத்துக்கு மலைக்கோயில் ஏறுவதில்லை என்பது எங்கள் வழக்கம். மற்றபடி ஊரில் பழனிக்குப் போகிறவர் நல்லசாமி ஒருவர்தான். அவர் கையில் கொடுத்தால் சேவல் பழனிக்குப் போகாது, குழம்புக்குப் போகும். ஆகவே அவ்வழியே வரும் காவடிக் கூட்டம் எதிலாவது ஒப்படைத்துவிடலாம் என்று நேற்று வெள்ளனே சேவலோடும் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடும் பாதையோரம் போய் உட்கார்ந்தேன்.

வெயில் ஏறிய பிறகு மேட்டிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. ஏழெட்டுப் பேர் மஞ்சள் சட்டை போட்டு, சைக்கிளுக்கு முன்னால் மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டி, அதில் காட்டு ரோஜாவும் தும்பையும் மாடுகூடத் தொடாத பூக்களும் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கோடை சீசனுக்கு மலைக்கு வந்த சைக்கிள் கிளப்பார் என்பதும், அதிக வகைப் பூக் கொண்டுவருகிறவருக்குக் கோப்பை உண்டு என்பதும் இங்கே வந்துதான் தெரியும். சைக்கிளில் காவடி வருவதை நான் அதுவரை கண்டதில்லை. காலம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னால் வந்தவர் தலை மொட்டையாக இருந்தது. வாயில் வெள்ளியாய் ஒன்று மின்னியது. அது ஊதல் என்று எனக்குத் தெரியாது. பேசாவிரதம் இருந்து காவடி எடுக்கிறவர்கள் உதட்டில் குத்திக்கொள்ளும் வாய்ப்பூட்டு என்றே நினைத்தேன். அவர் எங்கள் வளைவில் நின்றார். அடுத்து வந்த அம்மாளிடம், "முன்னால போற சாமி யாருங்க?" என்று கேட்டேன். அந்த அம்மாள், "சேனாதிபதி" என்றார்.

முருகன் பெயரைச் சொல்கிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் பெயர் தமயந்தி என்பதும், அவர் சொன்னது தன் புருஷன் பெயர் என்பதும் பிறகு தெரிந்தது. ஒரு பெண் நடுரோட்டில் புருஷன் பெயரைச் சொல்வாள் என்று நான் எப்படி நினைப்பேன்? என் வீட்டுக்காரர் பெயரைக்கூட என்னோடு வந்த தலையாரி சொல்லித்தான் ஏட்டையா மேலே எழுதினார்.

அதன் பிறகு குடத்து மஞ்சள் தண்ணீரைச் சாமியின் காலில் ஊற்றினேன். காவடி எடுக்கிறவர் பூட்ஸ் போட்டிருப்பாரா என்று ஏட்டையா கேட்கிறார். சைக்கிளில் போகிறவர் போடுவாராக்கும் என்று நினைத்தேன். அதன் பிறகு விழுந்து கும்பிட்டுச் சேவலைப் பூ வில்லில் கட்டினேன். கட்டிய துணி என் வீட்டுக்காரர் தலைத்துண்டில் கிழித்தது. சாமி வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. பலமாக ஊதினார். அருள் வந்துவிட்டது என்று நான் குலவை போட்டேன். சேவல் வில்லிலேயே சிறகடித்ததில் சைக்கிள் அவரையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் ஓடி, நல்லசாமியின் முட்டைக்கோஸ் தோட்டத்தில் இறங்கியது. பின்னால் வந்தவர்களும் அவரைப் பார்த்துக்கொண்டே அங்கேயே இறங்கினார்கள். முட்டைக்கோஸ் தவிர யாருக்கும் பலமான சேதம் இல்லை.

அதன் பிறகு சேனாதிபதி கொடுத்த புகாரில் இன்று காலை என்னையும் சேவலையும் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். சேவலைத் தனக்குக் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவதாகவும், இன்று இரவு கிளப்பில் விருந்து இருப்பதாகவும் சேனாதிபதி சொன்னார். சாமிக்கு நேர்ந்ததைச் சட்டியில் போடக் கொடுக்க மாட்டேன், என்னை அடைத்துப் போடுங்கள் என்று சொன்னேன். ஏட்டையா, சேவல் வழக்குச் சொத்து, வழக்கு முடியும்வரை நிலையத்திலேயே இருக்கும் என்றார். விசாகத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

ஆகவே நான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். நேர்ந்த சேவலை யார் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாரோ அவர்தான் பழனியில் கொண்டுபோய் விட வேண்டும். வேண்டுதல் என் வீட்டை விட்டு அவர் பேருக்குப் போய்விட்டது. முட்டைக்கோஸ் தோட்டம்வரை அவர் ஏற்றிப்போனதற்கு ஊரே சாட்சி.

சேனாதிபதி சிரித்தார். அவர் சம்சாரம் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, "கொண்டுபோய் விடலைன்னா என்னம்மா ஆகும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பயமுறுத்தவில்லை. சாபம் எதுவும் விடவில்லை. "எங்க வீட்டுக்காரரு கொண்டுபோய் விடலீங்க" என்று மட்டும் சொன்னேன்.

அந்த அம்மாள் என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். அதன் பிறகு மேசைக் காலில் கட்டியிருந்த சேவலைத் தானே அவிழ்த்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மத்தியானப் பஸ் எத்தனை மணிக்கு என்று ஏட்டையாவிடம் கேட்டார். புகாரை வாபஸ் வாங்குவதாகச் சேனாதிபதி எழுதிக் கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

நடந்தது நடந்தபடி சொன்னேன். ஏட்டையா வாசிக்கக் கேட்டேன். கூட்டியதோ குறைத்ததோ இல்லை.

கந்தம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.